தெர்மல் கேமராவில் கை மறைந்தால் அந்தச் சூடு எங்கே போகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உள்ளங்கை மேல் ஒரு மெல்லிய கறுப்புத் தாளை வைக்கிறார். தெர்மல் கேமராவில் அதன் வழியே கை பளிச்சென்று தெரிகிறது. இரண்டு ஒயரை பேட்டரியில் தொட்டதும் சில விநாடிகளில் தாள் இருக்கும் இடம் மங்கிப் பின்னணியோடு கலந்துவிடுகிறது. கை குளிர்ந்துவிட்டதா, வீடியோ போலியா, நிஜம் என்றால் இதை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பூசினால் என்ன, இதுதான் உங்கள் கேள்வி. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பொருளின் சூட்டை மாற்றாமல், அது வெளியே விடும் வெப்பக் கதிரை மட்டும் சுவிட்ச் போட்டது போல் கூட்டிக் குறைக்க முடியுமா? முடியும். கை குளிரவில்லை, வீடியோ போலியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மொட்டை மாடி மட்டும் வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

மெல்லிய படலங்களைச் சூடாக்கி அவை என்ன கதிரை விடுகின்றன என்று அளப்பதுதான் எனக்குப் பல வருடமாகச் சோறு போடுகிறது. கட்டடத் துறை என்னுடையது அல்ல, அதனால் கூரைக் கணக்குக்கு வரும்போது என் பேச்சைக் கொஞ்சம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சமையலறையிலேயே பார்க்கக்கூடிய ஒன்று. ஒரு எவர்சில்வர் சொம்பை நன்றாகத் தேய்த்துத் துடைத்து, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். வெளிப்பக்கம் ஓரிடத்தில், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, பட்டறைகளில் பயன்படுத்தும் ஐஆர் (அகச்சிவப்பு) தெர்மாமீட்டரால் டேப்பையும் அதன் பக்கத்து எவர்சில்வரையும் மாற்றி மாற்றி அளந்து பாருங்கள் (நெற்றியில் காட்டும் துப்பாக்கி வேண்டாம், நாற்பதைத் தாண்டினால் அது கையை விரித்துவிடும்). தண்ணீர் 80 டிகிரியில் இருந்தால் டேப் எழுபதுகளில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், எவர்சில்வர் நாற்பது, நாற்பத்தைந்து என்று சொல்லும். தொட்டால் இரண்டும் ஒரே மாதிரி சுடும். தெர்மல் கேமராவே கையில் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சொம்பின் பளபளப்பில் உங்கள் முகம் தெரியும், உங்கள் முகத்தின் சூடு அதில் பட்டுத் திரும்பி வருகிறது. கருவி அந்த எவர்சில்வரை நாற்பது என்று சொன்னபோது, சொம்பின் கதிர் கொஞ்சமும் அறையின் கதிர் நிறையவும் சேர்ந்த கலவையைத்தான் அது பார்த்தது.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தச் சொம்பிலேயே இருக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு கதிரை விடும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று வெப்பநிலை, அதைக் கெல்வினில் எடுத்து நான்காம் அடுக்குக்கு ஏற்ற வேண்டும். இன்னொன்று உமிழ்திறன், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு எண். நம் தோலுக்கு அது 0.98 பக்கம், மெருகேற்றிய அலுமினியத்துக்கு 0.05 அளவில். 1804இலேயே ஜான் லெஸ்லி ஒரு உலோகப் பெட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கி இன்னொரு பக்கத்தைப் பளபளப்பாக விட்டு இதைக் காட்டிவிட்டார், நம் சொம்பு அவருடைய பெட்டியின் ஏழைத் தம்பி. 1859இல் கிர்க்காஃப் அதற்கு விதி சொன்னார்: ஒரு அலைநீளத்தில் ஒரு பொருள் எவ்வளவு நன்றாக உறிஞ்சுமோ, அதே அலைநீளத்தில் அவ்வளவே நன்றாக உமிழும். ஒளி ஊடுருவாத பொருளில் உறிஞ்சாதது எல்லாம் பிரதிபலித்துத் திரும்புவதால், பிரதிபலிப்பைக் கூட்டினால் உமிழ்வு குறையும், அதைக் குறைத்தால் இது கூடும். நம் உடல், அறைச் சுவர், மொட்டை மாடி எல்லாம் அதிகமாகக் கதிர் விடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி. ஆக, அந்த 10 மைக்ரானில் ஒரு பரப்பை நினைத்தபோது முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் நினைத்தபோது கரிச்சட்டியாகவும் மாற்ற வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இவ்வளவுதான். கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்பது தனிக் கேள்வி, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புச் சுவர் 10 மைக்ரானில் கிட்டத்தட்டக் கரிதான்.

இப்போது கை. தோல் 33 டிகிரி, அறை 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முழுக் கறுப்பான பரப்பு என்றால் 33 டிகிரியில் சதுர மீட்டருக்குச் சுமார் 497 வாட் வெளியே போகும், அறையிலிருந்து 447 வாட் உள்ளே வரும், நிகரம் 50. தாளின் உமிழ்திறன் 0.8இலிருந்து 0.3க்கு இறங்கினால் இந்த நிகரம் 40இலிருந்து 15க்கு இறங்கும், வித்தியாசம் சதுர மீட்டருக்கு 25 வாட். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து 150 சதுர சென்டிமீட்டர் இருக்கும், ஆக மொத்தத்தில் 0.4 வாட்டுக்கும் கீழே, நம் வீட்டு எல்இடி ஜீரோ வாட் பல்பு எடுக்கும் அளவுகூட இல்லை. "சூடு எங்கே போனது" என்றால், எங்கும் போகவில்லை, அந்த அரை வாட்டுக்கும் குறைவான சூடு வெளியேறாமல் கையிலேயே தங்குகிறது. அதனால் தோல் ஒரு துளி சூடாகும், கூடுதல் சூட்டைக் காற்றும் ரத்தமும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆற்றல் அழியாமை விதி பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் ஏன் வீடியோவில் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? மேலே சொன்ன கணக்கிலேயே கேமரா காட்டும் வெப்பநிலை 31 டிகிரியிலிருந்து 27க்குத்தான் இறங்குகிறது. ஆனால் தெர்மல் கேமரா தன் வண்ணங்களைக் காட்சியில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் மிக அதிகமானதுக்கும் இடையில் தானே இழுத்துப் பரப்பிக்கொள்ளும். 25 டிகிரி கருநீலம், 33 டிகிரி வெள்ளை என்று அமைந்துவிட்டால் நாலு டிகிரி மாற்றம் பூதமாகத் தெரியும். இது போன்ற எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். அளவுகோலை மறைத்திருந்தால் நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

நீங்கள் விவரிக்கும் தாள் பெரும்பாலும் கிராபீன் (ஒரே ஒரு அணு தடிமனில் உள்ள கார்பன் தாள்) வகையாக இருக்க வேண்டும். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து பிறகு மான்செஸ்டருக்குப் போன ஜோஷ்குன் கொஜாபாஷின் குழு 2018இல் வெளியிட்டது இந்த மாதிரிதான். அமைப்பு சாண்ட்விச் போல: மேலே பல அடுக்குக் கிராபீன், நடுவில் அயனித் திரவத்தில் (மின்சுமை ஏறிய அயனிகளால் ஆன திரவம்) ஊறிய, நுண்துளைகள் உள்ள பாலித்தீன் சவ்வு, அடியில் தங்கப் பூச்சு. மொத்த தடிமனே 50 மைக்ரானுக்குள், முடி அளவு. மின்னழுத்தம் இல்லாதபோது கிராபீனில் மின்சுமை குறைவு, 10 மைக்ரான் கதிரை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை, அடியில் ஊறிய சவ்வின் உமிழ்வு வெளியே வருகிறது. மூன்று வோல்ட் அளவில் கொடுத்தால் அயனிகள் கிராபீன் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஊறுகாயில் உப்பு இறங்குவது போல, ஆனால் விநாடிகளில், திரும்பி வெளியேறவும் கூடிய விதத்தில். அயனிகள் உள்ளே போனதும் கிராபீனில் நகரும் எலெக்ட்ரான்களின் கணக்கு ஏறுகிறது, அது உலோகம் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது, அகச்சிவப்பில் பளபளக்கிறது, உமிழ்திறன் விழுகிறது. நீங்கள் பார்த்த பேட்டரி கையைக் குளிர்விக்கவில்லை, அயனிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மின்சாரமே இல்லாமல் தானாக மாறும் பொருள்களும் உண்டு. அவற்றில் எனக்கு நெருக்கமானது வனேடியம் டை ஆக்சைடு. 1959இல் பெல் ஆய்வகத்தில் மோரின் என்பவர் கண்டுபிடித்தது இது: சுமார் 68 டிகிரியில் இந்தப் பொருள் மின்காப்புப் பொருள் நிலையிலிருந்து உலோக நிலைக்குத் தாவுகிறது. 2013இல் ஹார்வர்டில் மிகைல் காட்ஸ், ஃபெடரிகோ கபாசோ குழு நீலக்கல் தகட்டின் மேல் 150 நானோமீட்டர் அளவுக்கு இதைப் பூசிச் சூடாக்கியபோது, பத்து டிகிரிக்கு மேற்பட்ட ஒரு வரம்பில், சூடு ஏற ஏற உமிழ்வு குறைந்துகொண்டே வந்தது. கேமராவில் பார்த்தால் சூடாக்கச் சூடாக்கக் குளிர்வது போல இருக்கும். 2021இல் பெர்க்லியில் ஜுன்சியாவ் வூவின் குழு இதே பொருளில் கொஞ்சம் டங்ஸ்டன் சேர்த்து, மாறும் வெப்பநிலையை அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இறக்கி, கூரைக்கான பூச்சு ஒன்றைச் செய்தது. 15 டிகிரிக்குக் கீழே உமிழ்திறன் 0.20, 30 டிகிரிக்கு மேலே 0.90. இங்கே கவனித்தீர்களா, ஹார்வர்டில் சூடானால் உமிழ்வு குறைந்தது, பெர்க்லியில் சூடானால் கூடுகிறது. அடிப்படைப் பொருள் ஒன்றேதான்!

வித்தியாசம் அடியில் இருக்கும் அமைப்பில். பெர்க்லி பூச்சில் மேலே வனேடியப் படலம், அதன் கீழே ஒன்றரை மைக்ரான் அளவில் அகச்சிவப்பு ஊடுருவும் பேரியம் ஃபுளோரைடு, அதற்கும் கீழே வெள்ளி. குளிரில் மேல் படலம் அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும், உள்ளே இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற வெள்ளி, அது அதிகம் உமிழாது. சூட்டில் மேல் படலம் அரைகுறை உலோகமாகும். அந்த ஒன்றரை மைக்ரான் இடைவெளி, கால் அலைநீளக் கணக்கில், உள்ளே போகும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும்படி அமைந்திருப்பதால் கதிர் அங்கேயே சிக்கி உறிஞ்சப்படும். நன்றாக உறிஞ்சினால் நன்றாக உமிழும், கிர்க்காஃப் சொன்னதுதான். இந்தத் துறையில் பொருளை விட அமைப்பு முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. "நானோ" என்ற சொல் இங்கே கொஞ்சம் தாராளமாகப் புழங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். படலங்கள் நானோமீட்டரில், இடைவெளிகள் பெரும்பாலும் மைக்ரானில், ஏனென்றால் ஏமாற்ற வேண்டிய அலையே 10 மைக்ரான். இடைவெளி நிஜமாகவே நானோமீட்டரில் இருக்கும் ஆராய்ச்சி வேறு ஒன்று. 2009இல் எம்ஐடியில் கேங் சென் குழு ஒரு சின்னக் கண்ணாடி உருண்டையைத் தட்டையான பரப்புக்கு 30 நானோமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோய், கரும்பொருள் (முழுக் கறுப்பான பரப்பு) வரம்பை விட ஆயிரம் மடங்கு அளவுக்கு வெப்பம் தாவுவதை அளந்தது. அழகான இயற்பியல், உங்கள் வீடியோவுக்குச் சம்பந்தம் இல்லை.

வனேடியத்தைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியைச் சூடாக்கிக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். உலோக நிலைக்கு மாறியதும் உமிழ்வு விழுந்தது, அப்புறம் தானாக ஏறியது, மறுபடி விழுந்தது. ஹீட்டர் சீராக இருக்கிறது, வெற்றிடம் சீராக இருக்கிறது, ஆனால் சிக்னல் ஆடுகிறது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக அரை நாள் மிதந்தேன். பிறகுதான் புரிந்தது, நோட்டில் எழுத நான் குனியும்போதெல்லாம் சிக்னல் விழுந்தது, நிமிர்ந்தால் ஏறியது. மாதிரி கண்ணாடியாகிவிட்டதால் என் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து உமிழ்திறன் குறைந்தது என்று யார் படம் காட்டினாலும், எதிரே என்ன இருந்தது, அதன் வெப்பநிலை என்ன என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. திறந்த மைதானத்தில், தெளிந்த குளிர்ந்த வானம் எதிரே இருக்கும்போது எடுத்த படமும், அறைக்குள் எடுத்த படமும் ஒரே தாளுக்கு வேறு வேறு கதை சொல்லும்.

வேகத்தைப் பொறுத்தவரை, அயனியை நகர்த்தும் முறைகள் மெதுவானவை. அதற்கு நேர் எதிர் முனையில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு நோடா குழு 2014இல் செய்தது இருக்கிறது. குறைக்கடத்தியில் நானோமீட்டர் தடிமனில் குவாண்டம் கிணறுகள் (எலெக்ட்ரான்களை அடைத்துவைக்கும் மெல்லிய அடுக்குகள்), அவற்றைச் சுற்றி ஒளிப்படிக அமைப்பு (குறிப்பிட்ட அலைநீளத்தைப் பிடித்துவைக்கும் ஒழுங்கான நுண் அமைப்பு). மின்னழுத்தம் கொடுத்துக் கிணறுகளிலிருந்து எலெக்ட்ரான்களை வெளியே இழுத்தால், ஒரே ஒரு அலைநீளத்தில் உமிழ்திறன் 0.74இலிருந்து 0.24க்கு விழுகிறது, மற்ற அலைநீளங்களில் முதலிலிருந்தே உமிழ்வு குறைவு. பொருளைச் சூடாக்கிக் குளிர்வித்து மாற்றுவதை விட இது பத்தாயிரம் மடங்கு வேகம். இதன் பயன் மறைப்பதில் இல்லை, வாயு உணரிகளில். கார்பன் டை ஆக்சைடை 4.26 மைக்ரானில் தேடும் கருவிகள் பலவற்றில் ஒரு சூடான இழையைத்தான் ஒளிமூலமாக வைக்கிறார்கள், அது விடும் கதிரில் பெரும்பகுதி வேண்டாத அலைநீளத்தில் வீணாகிறது. தேவையான ஒரு அலைநீளத்தை மட்டும் வேகமாக அணைத்து ஏற்றும் மூலம் கிடைத்தால் பேட்டரி நாள்கணக்கில் தாங்கும். கவர்ச்சியான வீடியோ எதுவும் இதில் வராது, ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் துறையில் முதலில் கடைக்கு வரப்போவது இந்த மாதிரி ஒன்றுதான். அது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால்: உமிழ்திறனை மின்சாரத்தாலோ வெப்பத்தாலோ ஈரத்தாலோ மாற்றலாம் என்பது உறுதி, பல நாடுகளில் பல குழுக்கள் பல பொருள்களில் காட்டிவிட்டன. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2019இல் செய்த துணியில் வியர்வையின் ஈரப்பதம் கூடினால் கார்பன் நானோகுழாய் பூசிய நூல்களின் இடைவெளி மாறி, வெளியேறும் அகச்சிவப்பு 35 சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. சிகாகோவில் போ-சுன் ஷுவின் குழு 2023இல் தண்ணீர்க் கரைசலிலிருந்து செம்பைப் படியவைத்தும் கரைத்தும் 0.92க்கும் 0.07க்கும் இடையே மாற்றியது. சந்தேகம் எங்கே என்றால், வெளியில் வைத்து வருடக்கணக்கில் தாங்குமா என்பதில். அயனித் திரவமும் செம்புக் கரைசலும் கசியாமல் மூட வேண்டும், மூடுகிற பொருள் 10 மைக்ரானை உள்ளே விட வேண்டும். சாதாரணக் கண்ணாடி விடாது, பாலித்தீன் விடும், ஆனால் பாலித்தீனை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்பது பந்தல் போட்ட யாருக்கும் தெரியும். வனேடியமும் சும்மா இருக்காது, ஆக்சிஜன் கொஞ்சம் கூடினால் மஞ்சள் நிறப் பென்டாக்சைடாகிவிடும், அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் 68 டிகிரி மந்திரம் நடக்காது.

சரி, மொட்டை மாடி. பெர்க்லி பூச்சின் நோக்கமே குளிர்காலத்தில் வீட்டுச் சூடு கூரை வழியாக வானத்துக்குப் போய்விடாமல் பிடித்துவைப்பதும், கோடையில் அதை வெளியே விடுவதும். ஹீட்டர் போடும் குளிர்காலமும் ஏசி போடும் கோடையும் ஒரே வீட்டுக்கு வருகிற ஊரில் அதற்குப் பயன் உண்டு. வருடம் முழுக்க வெளியே விடுவது மட்டுமே வேண்டும் என்கிற ஊரில், ஒரு பக்கமாகவே நிற்கப்போகிற சுவிட்சுக்கு எதற்குச் செலவு? அதோடு நண்பகலில் கூரையில் விழும் வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட்டை நெருங்கும். பெர்க்லி பூச்சு அதில் கால்வாசியை உறிஞ்சும்படிதான் வடிவமைக்கப்பட்டது, குளிர்காலத்துக்கு அது உதவும் என்பதால். நல்ல வெள்ளைப் பூச்சு அதைவிடக் குறைவாக உறிஞ்சும், 10 மைக்ரானில் அதன் உமிழ்திறன் ஏற்கெனவே 0.9 பக்கம். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் செய்த சுவிட்ச் இல்லாத அடுக்குப் படலம் 97 சதவீத வெயிலைத் திருப்பியனுப்பி, நேர் வெயிலிலேயே காற்றை விட 4.9 டிகிரி குளிர்ந்து நின்றது. ஆனால் அது வறண்ட, தெளிந்த கலிஃபோர்னியா வானம். கடலோர ஊர்களில் காற்றில் உள்ள நீராவியே வெப்பக் கதிர் வானத்துக்குத் தப்பிப் போகும் 8 முதல் 13 மைக்ரான் வரையிலான ஜன்னலைப் பாதி மூடிவிடும், அங்கே அந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. தூசியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தூசியின் உமிழ்திறன் அதிகம், 0.2இல் இருக்க வேண்டிய பரப்பில் ஒரு சீசன் தூசி படிந்தால் சுவிட்சின் பாதி வேலை போய்விடும்.

இந்த சுவிட்ச் நிஜமாகவே காசு பெறும் இடம் விண்வெளி. அங்கே காற்று இல்லை, கதிர் ஒன்றே வழி. 27 டிகிரியில் இருக்கும் ஒரு தகடு, வெயில் படாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், உமிழ்திறன் 0.9இல் சதுர மீட்டருக்குச் சுமார் 413 வாட் இழக்கும், 0.2இல் 92 வாட். உங்கள் கையில் பார்த்த 25 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் இதே வேலையை ஜன்னல் பட்டைகள் போலத் திறந்து மூடும் உலோகத் தகடுகள் செய்தன. அசையும் பாகம், எடை, சிக்கிக்கொள்ளும் பயம் எல்லாம் உண்டு, அவற்றுக்குப் பதிலாக ஒரு படலம் வந்தால் அந்தப் பொறியாளர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள்.

உங்கள் மாடிக்கு இந்த வருடம் வெள்ளையடியுங்கள், போதும். சொம்புச் சோதனையைச் செய்தால் ரீடிங்கைப் போடுங்கள், ஆனால் அதற்கு முன் தெர்மாமீட்டரில் உமிழ்திறன் செட்டிங் 0.95 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில கருவிகளில் அதை யாராவது மாற்றி வைத்திருப்பார்கள்.